போயின்செட் கவுண்டியில் உழவர் மானியம் யாரிடம் போய்ச் சேர்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் நெல் விளையும் கிராமப்புறங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அங்குள்ள உழவர்களுக்கு அரசு நேரடியாகக் கொடுக்கும் பணத்தைப் பற்றி அதில் இடம்பெற்ற ஒரு சிறு பத்திதான் இம்முறை மிகுதியான கடிதங்களை வரவழைத்திருக்கிறது. எல்லாம் ஒரே பொருளைத் தொட்டவை என்பதால் அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே சேர்த்து விடையளிக்கிறேன். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் ஒரே கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு), வடகிழக்கு ஆர்கன்சாவில் இருக்கும் போயின்செட் கவுண்டியை, வைத்துக்கொள்கிறேன். பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 23,000, தலைநகர் ஹாரிஸ்பர்க். நடுவே குரோலிஸ் ரிட்ஜ் என்னும் நீண்ட மேட்டுநிலம் ஓடுகிறது. அதற்கு மேற்கே நெல் வயல்கள், கிழக்கே ஒருகாலத்தில் பருத்தியே ஆண்ட வண்டல் சமவெளி.

கேள்வி: அங்கே உழவர் எத்தனை ஏக்கர் நெல் போட்டார் என்று பார்த்துப் பணம் கொடுக்கிறார்களா, அல்லது எத்தனை மூட்டை விற்றார் என்று பார்த்தா? (மன்னார்குடி வாசகர்)

முதன்மையான திட்டத்தில் இரண்டையும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பண்ணைக்கும் அரசுக் கணக்கில் ஒரு எண் உண்டு. அந்த எண்ணின் கீழ் "அடிப்படை ஏக்கர்" என்று ஓர் அளவு எழுதப்பட்டிருக்கும். 1980களில் அந்த நிலத்தில் எந்தப் பயிர் எவ்வளவு போடப்பட்டது என்பதை வைத்து முதலில் வகுக்கப்பட்டு, 2002, 2014 ஆகிய ஆண்டுகளின் பண்ணைச் சட்டங்களில் உரிமையாளர்களுக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்ட அளவு அது. நெல்லுக்கு 100 அடிப்படை ஏக்கர் என்று பதிவாகிவிட்டால், இந்த ஆண்டு அந்த மண்ணில் சோயா போட்டாலும், ஒன்றுமே போடாமல் விட்டாலும், நெல்லுக்கான தொகை அந்த 100 ஏக்கரைச் சார்ந்தே கணக்கிடப்படும்.

கணக்கு இப்படிப் போகிறது. சட்டத்தில் நெல்லுக்கு ஒரு குறிப்பு விலை எழுதப்பட்டிருக்கிறது. 2014, 2018 சட்டங்களில் அது 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, 14 டாலர். நாடு முழுவதற்குமான அந்த ஆண்டின் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால், இடைவெளித் தொகையை அந்தப் பண்ணைக்குப் பதிவான மகசூலால் பெருக்கி, அடிப்படை ஏக்கரில் 85 விழுக்காட்டுக்குக் கொடுப்பார்கள். சந்தை விலை 11 டாலர், பதிவான மகசூல் ஏக்கருக்கு 60 நூறுபவுண்டு, அடிப்படை 100 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் உழவருக்கு 15,300 டாலர் வரும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம் நெல்லின் குறிப்பு விலையை 16.90 டாலராக உயர்த்தியது. அதே நிலம், அதே சந்தை விலை, ஆனால் தொகை 30,090 டாலர். வயலில் எதுவும் மாறவில்லை. சட்டத்தின் ஓர் எண் மட்டுமே மாறியது. அறுவடை முடிந்தவுடன் இந்தப் பணம் கைக்கு வந்துவிடாது. விற்பனை ஆண்டு முழுவதும் கழிந்து சராசரி விலை உறுதியான பிறகு, மறு ஆண்டு அக்டோபரில்தான் வரும். கையில் பணம் குறைவாயிருக்கும் உழவர்கள் அதுவரை வங்கிக் கடனில்தான் நாளை ஓட்ட வேண்டும்.

கேள்வி: இதையெல்லாம் பதிவு செய்வது யார்? நம் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் போன்றவர் அங்கே உண்டா? (ஈரோடு வாசகி)

கவுண்டிதோறும், அல்லது சில கவுண்டிகளுக்குச் சேர்த்து, வேளாண் துறையின் கீழ் இயங்கும் பண்ணைச் சேவை முகமையின் அலுவலகம் ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் இப்படி 2,000க்கும் மேற்பட்ட அலுவலகங்கள். வசந்தத்தில் விதைத்த பயிர்களை ஜூலை 15க்குள் அங்கே போய்ப் புலவாரியாக, வான்வழிப் படத்தில் வயலைச் சுட்டிக்காட்டி, எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், பாசனம் உண்டா, யாருக்கு எத்தனை பங்கு என்று பதிய வேண்டும். நம் அடங்கலுக்கு ஒப்பான பதிவு என்று சொல்லலாம். ஆனால் அங்கே உழவரே நேரில் வந்து அறிவித்துக் கையெழுத்திட வேண்டும். தவறினால் அந்த ஆண்டின் உரிமை சிக்கலாகும்.

நமக்குப் புதிதாகத் தோன்றும் செய்தி ஒன்று உண்டு. அந்த அலுவலகத்துக்கு மேலே கவுண்டிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று முதல் பதினொரு உறுப்பினர்கள், மூன்றாண்டுப் பதவி. அவர்களை உள்ளூர் உழவர்களே அஞ்சல் வாக்குச்சீட்டு மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுண்டி அலுவலகத்தின் செயல் இயக்குநரை நியமிப்பதும், பல விண்ணப்பங்களில் முதல் முடிவெடுப்பதும் இந்தக் குழுவே. 1930களில் அரசு மானியம் தொடங்கியபோதே இந்த ஏற்பாடும் பிறந்தது. தொலைவிலிருக்கும் தலைநகரத்து அதிகாரியைவிட அக்கம்பக்கத்து உழவருக்கே மண்ணின் நிலை தெரியும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அக்கம்பக்கத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர் கையில் அதிகாரம் போய்ச் சேரும் என்பதும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. அடுத்த இரு கேள்விகளின் விடையும் அதைப் பற்றியவைதாம்.

கேள்வி: குத்தகைக்கு உழுபவருக்கு அந்தப் பணம் கிடைக்குமா? இங்கே பி.எம். கிசான் பணம் பட்டா பெயரில் உள்ளவருக்கு மட்டுமே வருகிறது. நாற்பது ஆண்டாகக் கோயில் நிலத்தை உழும் என் தந்தைக்கு ஒரு தவணைகூட வரவில்லை. (திருவாரூர் வாசகர்)

தங்கள் தந்தையின் நிலை காவிரிப் படுகையில் ஆயிரக்கணக்கானோரின் நிலை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம் நில ஆவணத்தையே அளவுகோலாகக் கொண்டதால், ஏர் பிடிப்பவர் அதன் கண்ணில் படுவதில்லை. அமெரிக்கச் சட்டம் இன்று இந்த இடத்தில் சற்று மேலானது. பணக் குத்தகை என்றால் சாகுபடியின் இடர் முழுவதும் குத்தகைதாரருடையது என்பதால் மானியமும் அவருக்கே. விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரமுறை என்றால் அந்தப் பங்கின்படி இருவருக்கும். ஆனால் அடிப்படை ஏக்கர் நிலத்தோடு ஒட்டியது, உழவரோடு அல்ல. ஆகவே மானியம் உயர்ந்தால் அடுத்த குத்தகை பேசும்போது அதில் ஒரு பகுதி வாடகையாக நிலக்காரரிடம் போய்விடுகிறது. நிலத்தின் விற்பனை விலையிலும் ஏறிவிடுகிறது. சொந்தமாக நிலம் இல்லாமல் தொழிலுக்கு வரும் இளம் உழவருக்கு இது பெருஞ்சுமை.

இந்த அளவுக்காவது உரிமை வந்ததன் பின்னால் போயின்செட் கவுண்டிக்கே ஒரு பங்கு இருக்கிறது. 1933 மே மாதம் ரூசவெல்ட் ஆட்சியில் வேளாண் சரிக்கட்டுச் சட்டம் வந்தது. பருத்தி விலை படுபாதாளத்தில் கிடந்ததால் விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்றுவதே அதன் வழி. அந்த ஆண்டே சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை, காய் பிடிக்கும் பருவத்தில், உழவர்கள் அரசிடம் பணம் பெற்றுக்கொண்டு உழுது அழித்தார்கள். 1934, 1935 ஒப்பந்தங்களில் தரிசாக விட்ட நிலத்துக்கான வாடகை, அதில் வழக்கமாக விளையும் பருத்தியின் பவுண்டுக்கு மூன்றரை சென்ட் என்றும் அது முழுவதும் நில உரிமையாளருக்கு என்றும் வகுத்தார்கள். அதற்கு மேல் தரப்பட்ட ஒரு சென்ட்டில்தான் வாரக் குடியானவருக்குப் பாதி. அதாவது பண்ணையாருக்கு நான்கு சென்ட், உழுதவருக்கு அரை சென்ட். அந்த அரை சென்ட்டும் பண்ணையார் கை வழியாகவே வந்ததால், பழைய கடனுக்கு என்று பிடித்துக்கொள்ளப்பட்டதே மிகுதி. பயிரிடும் பரப்பு குறைந்தபோது குடியானவரே தேவையில்லை என்றாகி, வண்டியில் தட்டுமுட்டுகளோடு குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இயன்றவரை அதே எண்ணிக்கையில் குடியானவர்களை வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு சொல்லியது. "இயன்றவரை" என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் ஒழுகிப்போயிற்று. முறையிட்டவர்களின் மனுக்களை விசாரித்த உள்ளூர்க் குழுக்களில் இருந்தவர்களும் பெரும்பாலும் பண்ணையார்களே.

1934 ஜூலையில் போயின்செட் கவுண்டியின் டைரோன்சா ஊருக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டுப் பேர் கூடினார்கள். பதினொருவர் வெள்ளையர், எழுவர் கறுப்பர். நிறவெறி சட்டமாக இருந்த அந்த மண்ணில் இருவரும் ஒரே சங்கமாகச் சேர்வது என்று முடிவெடுத்தார்கள். தெற்கத்தியக் குத்தகை உழவர் சங்கம் அப்படிப் பிறந்தது. டைரோன்சாவில் சலவைக் கடை வைத்திருந்த எச்.எல். மிட்செலும் பெட்ரோல் நிலையம் நடத்திய கிளே ஈஸ்ட்டும் அதற்குத் துணை நின்றார்கள். அடியும் துப்பாக்கிச் சூடும் கைதும் தொடர்ந்தன. வாஷிங்டனில் அந்தச் சட்டத்தைச் செயல்படுத்திய முகமையின் சட்டப் பிரிவுத் தலைவர் ஜெரோம் ஃபிராங்க் முதலானோர், ஏழாம் பிரிவின்படி அதே குடியானவர்களைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று பொருள் கொண்டதற்காக 1935 பிப்ரவரியில் பதவியிழந்தார்கள். பின்னர் வந்த சட்டங்கள் குடியானவரின் பங்கை ஓரளவு உயர்த்தி, அவருக்கே நேரே பணம் அனுப்பவும் வழி செய்தன. அதற்குள் வெளியேறியவர்கள் வெளியேறிவிட்டார்கள். மானியப் பணத்தில் டிராக்டர் வாங்கிய பண்ணைகளுக்கு அவர்கள் மீண்டும் தேவைப்படவில்லை. மிட்செலும் ஈஸ்ட்டும் கடை நடத்திய கட்டடம் இன்று அந்தச் சங்கத்தின் அருங்காட்சியகம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் தங்கள் கடிதம். உழுபவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல் அனுப்பப்படும் உழவர் பணம், அவரை நிலத்திலிருந்து வெளியேற்றும் பணமாகவும் மாறக்கூடும் என்பதற்கு அந்தக் கவுண்டி சாட்சி. குத்தகைச் சாகுபடியாளர் பதிவைக் கேட்டு நம் ஊரில் எழும் குரலை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

கேள்வி: கறுப்பின உழவர்களுக்கு அரசே இழப்பீடு கொடுத்ததாகப் படித்தேன். எதற்காக? (யாழ்ப்பாணம் வாசகி)

கடனும் உதவியும் கேட்டுக் கவுண்டி அலுவலகத்துக்குப் போன கறுப்பின உழவர்களின் விண்ணப்பங்கள் கிடப்பில் போடப்பட்டன. விதைப்பருவம் கடந்தபின் ஒப்புதல் வந்தது. அல்லது குறைந்த தொகையே வந்தது. முறையீட்டைக் கேட்க வேண்டிய வேளாண் துறையின் குடிமை உரிமைப் பிரிவு ரேகன் ஆட்சியில், 1983இல், கலைக்கப்பட்டதால் மனுக்கள் விசாரணையே இன்றிக் கிடந்தன. வட கரோலைனாவின் டிமத்தி பிக்ஃபோர்டு பெயரால் அறியப்படும் வழக்கில் 1999இல் உடன்பாடு ஏற்பட்டு, ஏற்கப்பட்ட பெரும்பாலோருக்கு ஆளுக்கு 50,000 டாலர் வழங்கப்பட்டது. காலம் தாழ்த்தி வந்தவர்களுக்காக 2010இல் 125 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2024 ஜூலையில், இனம் உள்ளிட்ட எவ்வகைப் பாகுபாட்டுக்கும் ஆளான 43,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 200 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆனால் 1920இல் ஒன்பது லட்சத்துக்கு மேலிருந்த கறுப்பினப் பண்ணையாளர்கள் 1997இல் இருபதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டிருந்தார்கள். போன நிலம் காசோலையில் திரும்பி வருவதில்லை.

கேள்வி: நெல்லே போடாதவருக்கும் நெல் மானியம் என்று எழுதியிருந்தீர்கள். டெக்சாஸில் இருபது ஆண்டாக இருக்கிறேன். நம்பக் கடினமாக இருக்கிறது. (டல்லாஸ் வாசகர்)

தங்கள் மாநிலத்திலேயே நடந்தது. வார்ட்டன் கவுண்டியின் எல் கம்போ ஊரைச் சுற்றிலும் பழைய நெல் வயல்களை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்கு, தோட்டத்தில் புல் மட்டுமே இருந்தும், நெல் மானியம் வந்தது. வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம், விலை எப்படி இருந்தாலும் ஆண்டுதோறும் அடிப்படை ஏக்கருக்கு ஒரு நிலையான தொகை என்று வகுத்ததன் விளைவு அது. 2000 முதல் இவ்வாறு வேளாண்மையே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போயிருப்பதாக 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் கணக்கிட்டு வெளியிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் விழுங்கிய அந்த நிலையான தொகை 2014இல்தான் நிறுத்தப்பட்டது. அடிப்படை ஏக்கர் என்ற வேர் மட்டும் அப்படியே இருக்கிறது; 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதில் மேலும் மூன்று கோடி ஏக்கர் வரை சேர்க்க இடமளித்திருக்கிறது.

கேள்வி: பெரும் பண்ணைகள் முழுவதையும் அள்ளிக்கொள்ளாமல் தடுக்க உச்சவரம்பு கிடையாதா? (சேலம் வாசகர்)

உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்றிருந்ததை 2025ஆம் ஆண்டுச் சட்டம் 1,55,000 டாலராக உயர்த்தியது. மூன்றாண்டுச் சராசரி வருமானம் ஒன்பது லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாக உரிமை இல்லை. முன்னர்க் காட்டிய கணக்கின்படி, அந்த விலையில் ஏறக்குறைய 515 அடிப்படை ஏக்கரிலேயே ஒருவர் வரம்பைத் தொட்டுவிடுவார். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணைகள் அந்தச் சமவெளியில் சாதாரணம். ஆகவே வரம்பு அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டும். ஆனால் அதிலிருந்து தப்ப வழி இருக்கிறது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்பதோடு, கூட்டாண்மை நிறுவனமாகப் பதிந்தால் பங்காளி ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு; உழைப்பு இல்லாவிட்டாலும் மேலாண்மையில் பங்கு கொண்டால் போதும். 2018ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பம் என்பதற்குள் சகோதரரின் பிள்ளைகளையும் ஒன்றுவிட்ட சகோதரர்களையும்கூடச் சேர்த்தது. இது சட்டப்படி சரியானது. நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பயிர்க் காப்பீட்டிலோ வரம்பே இல்லை: பிரீமியத்தில் சராசரியாக அறுபது விழுக்காட்டுக்கு மேல் அரசு ஏற்கிறது, பண்ணை பெரிதாகப் பெரிதாக அதுவும் பெருகுகிறது.

கேள்வி: பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகளில் வெவ்வேறு தொகை வந்ததாமே? (மதுரை வாசகர்)

இரண்டு விதமாக அது நேரும். வருவாய் இடர்க் காப்பு என்னும் மாற்றுத் திட்டம் கவுண்டியின் சராசரி விளைச்சலையும் நாட்டின் விலையையும் பெருக்கி, முந்தைய ஐந்தாண்டுகளின் அளவோடு ஒப்பிடுகிறது. முன்பு அதில் 86 விழுக்காட்டுக்கும், இப்போது 90 விழுக்காட்டுக்கும் கீழே போனால் பணம். கவுண்டி முழுவதும் நன்றாக விளைந்து உங்கள் வயல் மட்டும் வெள்ளத்தில் போனால் இத்திட்டத்தில் ஒன்றும் வராது. ஆர்கன்சா நெல்லுழவர்கள் பெரும்பாலும் முதலில் சொன்ன விலை சார்ந்த திட்டத்தையே தேர்ந்தெடுப்பதால் அவர்களை இது அதிகம் தொடுவதில்லை.

மற்றது சீனாவுடனான வணிகப் போரின்போது வந்தது. 2018இல் சோயாவுக்கு புஷல் என்னும் தானிய அளவுக்கு 1.65 டாலர், சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட் என்று பயிர்வாரியாகக் கொடுத்தார்கள். 2019இல் முறையை மாற்றி, எந்தப் பயிராயினும் கவுண்டிக்கு ஒரே தொகை என்று ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை வகுத்தார்கள். எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே பயிரைப் போட்ட இருவருக்கு வெவ்வேறு காசோலை. பருத்தி மிகுந்த தெற்குக் கவுண்டிகள் உச்சத்தை எட்டின. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துச் சுமார் 2,300 கோடி டாலர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியாக வாக்களிக்காமலே, வேளாண் துறையின் கடன் கழகத்தின் வழியே வெளியேறியது.

கேள்வி: கரிசல் காட்டில் பருத்தி போடுகிறோம். அவர்கள் மானியம் எங்கள் விலையைக் கெடுக்கிறதா? (கோவில்பட்டி வாசகர்)

பருத்தியின் விலை உலகச் சந்தையோடு கட்டுண்டது. உலகின் பெரும் ஏற்றுமதியாளர்களில் ஒன்றான அமெரிக்கா மானியத்தின் துணையோடு விளைச்சலைப் பெருக்கினால் விலை இறங்கும், அது எல்லோரையும் தாக்கும். இதை 2002இல் பிரேசில் உலக வணிக அமைப்பின் முன் வழக்காக வைத்து வென்றது; அமெரிக்க மானியம் உலக விலையை அழுத்தியது என்ற தீர்ப்பு 2005இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. மானியத்தை நிறுத்துவதற்குப் பதிலாக அமெரிக்கா பிரேசிலுக்கு ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் கொடுக்க 2010இல் ஒப்புக்கொண்டு, 2014இல் 30 கோடி டாலரோடு கணக்கை முடித்தது. அதே ஆண்டின் பண்ணைச் சட்டத்தில் பருத்தியைப் பொது மானியப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2018இல் விதையோடு கூடிய பருத்தி என்ற பெயரில் மீண்டும் சேர்த்தார்கள். 2003இல் கான்கூன் மாநாட்டில் இதே குறையை எழுப்பிய பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய ஏழை நாடுகளின் பருத்தி உழவர்களுக்கு அத்தகைய இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. பிரேசிலுக்கு இருந்த பேரம் பேசும் வலிமை அவர்களுக்கு இல்லை.

கேள்வி: யாருக்கு எவ்வளவு போனது என்று பொதுமக்கள் பார்க்க முடியுமா? (புதுச்சேரி வாசகி)

பெருமளவு முடியும். தகவல் உரிமைச் சட்டத்தின்படி வேளாண் துறையிடமிருந்து பெற்ற பதிவுகளைக் கொண்டு சுற்றுச்சூழல் பணிக்குழு என்னும் அமைப்பு 1995 முதலான தொகைகளைக் கவுண்டிவாரியாகவும் பெறுநர்வாரியாகவும் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. போயின்செட் கவுண்டியைத் தேடினால் ஆண்டு, பயிர், திட்டம் என்று பிரித்தே காணலாம். அண்டை வீட்டாரின் கணக்கை ஊரே பார்ப்பது பல உழவர்களுக்கு மனவருத்தம் தந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1619ஆம் பிரிவு பண்ணைகளின் வரைபட விவரங்களையும் சாகுபடி விவரங்களையும் மூடியது. தொகை பற்றிய பதிவு மட்டும் திறந்தே இருக்கிறது. அவர்களின் வருத்தம் எனக்குப் புரிந்தாலும், பொதுப்பணம் என்பதால் திறந்திருப்பதே சரி என்பேன். ஆனால் பயிர்க் காப்பீட்டில் யாருடைய பிரீமியத்துக்கு அரசு எவ்வளவு கொடுத்தது என்பது பெயரோடு வெளியிடப்படுவதில்லை. வரம்பில்லாத அந்தத் திட்டத்திலும் பெயர்களை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை காங்கிரஸில் பலமுறை எழுந்தும் இன்னும் நிறைவேறவில்லை.